கணக்கு டீச்சரிடம் கேளுங்கள்: எந்தத் தாளெல்லாம் படிக்க வேண்டும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாலக்காட்டு எல்லைப் பக்கத்திலிருந்து. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். பி.எஸ்சி. கணக்கில் என்னென்ன படித்தாக வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

அன்புள்ள டீச்சருக்கு, பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்தேன். பிளஸ் டூவில் கணக்கு உண்டு. அப்பா சித்தூரில் சேரச் சொல்கிறார், மாமா பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போகச் சொல்கிறார். இங்கே கேரளத்தில் நாலு வருஷம், அங்கே தமிழ்நாட்டில் மூணு வருஷம் என்கிறார்கள். ஒரே பட்டத்துக்கு ஏன் இப்படி? இரண்டிலும் எதையெல்லாம் படிக்க வேண்டியிருக்கும்?
மாணவி, கொழிஞ்சாம்பாறை

முதலில் அந்த நாலு வருஷ பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கேரளத்தில் 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது உண்மைதான், ஆனால் நாலு வருஷமும் படித்தே தீர வேண்டும் என்று அதில் இல்லை. மூன்றாம் வருஷ முடிவில் 133 கிரெடிட் (ஒவ்வொரு தாளுக்கும் தரும் மதிப்பெண் அலகு) சேர்த்திருந்தால் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். விரும்பி நான்காம் வருஷமும் இருந்து 177 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ் பட்டம். ஆக, மூன்று வருஷத்தை மூன்று வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சித்தூர் அரசுக் கல்லூரி, பாலக்காடு விக்டோரியா கல்லூரி எல்லாம் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அங்கே 133 கிரெடிட் எப்படி வருகிறது என்றால், கணக்கை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுப்பவருக்கு மூன்று வருஷத்தில் 17 கணக்குத் தாள்கள், தாளுக்கு நாலு கிரெடிட், அதில் 68. மைனர் என்று வேறு துறையில் ஆறு தாள்கள், அதில் 24. மீதியில் மொழிக்கு நான்கு தாள் (ஆங்கிலம் இரண்டு, கூடுதல் மொழி இரண்டு), உங்கள் துறைக்கு வெளியே மூன்று தாள், திறன் தாள் மூன்று, மதிப்புக் கல்வி மாதிரி மூன்று, எல்லாம் தலா மூன்று கிரெடிட். அப்புறம் இரண்டு கிரெடிட்டுக்கு இன்டர்ன்ஷிப். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கம் பாரதியார் பல்கலைக்கழகம். அங்கே 140 கிரெடிட், ஐந்து பகுதியாகப் பிரித்திருப்பார்கள். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றுதான் கணக்கும் அதோடு வரும் துணைப்பாடமும் (பழைய ஆட்கள் இன்னும் அல்லைட் என்றுதான் சொல்வார்கள்), பகுதி நான்கில் சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, திறன் தாள்கள், பகுதி ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு இப்படி ஏதாவது ஒன்று.

கணக்குத் தாள்களைப் பொறுத்தவரை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெரிய வித்தியாசம் கிடையாது. வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, குலங்களும் வளையங்களும் வரும் இயற்கணிதம், நேரியல் இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்), கலப்பெண் பகுப்பாய்வு (காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ்). இவை இல்லாத கணக்குப் பட்டம் எங்கும் இல்லை. தமிழ்நாட்டில் நிலையியல், இயக்கவியல் பழைய வழக்கமாக இன்னும் வரும்.

உங்களுக்கு நிஜமான வித்தியாசம் மொழியில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் போனால் தமிழ் பல செமஸ்டர்களுக்குத் தொடர்ந்து வரும், நீங்கள் தமிழ் மீடியம் என்பதால் அந்த மார்க் உங்களுக்குச் சுலபம். சித்தூரில் கூடுதல் மொழி இரண்டே தாள், ஆனால் அங்கே தமிழ்த் துறையே இருப்பதால் தமிழையே எடுக்கலாம், மலையாளத்துக்கோ இந்திக்கோ போக வேண்டியதில்லை. வேறு கல்லூரி என்றால் கூடுதல் மொழியில் தமிழ் உண்டா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. இதையே திருப்பிப் பார்த்தால், பிளஸ் டூ வரை தமிழே படிக்காத பிள்ளைகள் தமிழ்நாட்டில் சேர்ந்து பகுதி ஒன்றில் மலையாளமோ இந்தியோ எடுத்தால், பகுதி நான்கில் அடிப்படைத் தமிழும் எழுத வேண்டிவரும். உங்கள் தோழிகள் யாராவது அப்படி இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் குடும்பம் இட ஒதுக்கீட்டில் வருவதாக இருந்தால், கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் இட ஒதுக்கீட்டுக்கு உதவாது, பொதுப்பிரிவில்தான் வைப்பார்கள். இதை மாமா சொல்லியிருக்க மாட்டார். என்னைக் கேட்டால், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வர முடிகிற, தமிழும் இருக்கிற சித்தூருக்கே என் ஓட்டு.

மகள் இந்த வருஷம் கணக்கு மேஜர் எடுத்திருக்கிறாள். மைனருக்கு இயற்பியலா, புள்ளியியலா, கம்ப்யூட்டரா என்று கேட்கிறார்கள். நான் கடை வைத்திருக்கிறவன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாலாம் வருஷம் படிக்க வைக்கணுமா என்பதையும் சொல்லுங்கள்.
ஒரு தந்தை, மீனாட்சிபுரம்

மைனரில் ஆறு தாள் என்று மேலே சொன்னேன். ஆறையும் ஒரே துறையில் எடுக்கலாம், இல்லை என்றால் இரண்டு துறையில் மூன்று மூன்றாகப் பிரிக்கலாம். பிரிக்கலாம் என்றதும் பலர் பிரித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. புள்ளியியலில் மூன்று தாள் என்பது நிகழ்தகவைத் தொட்டுவிட்டுத் திரும்புவது. ஆறு தாள் படித்த பிள்ளைக்குத்தான் ஒரு கணக்கெடுப்பைக் கையில் கொடுத்தால் அதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று தெரியும். வங்கி, காப்பீடு, அரசுப் புள்ளிவிவர வேலை என்று பிற்பாடு பார்க்கிற பெண்ணாக இருந்தால் புள்ளியியலே போதும், ஆறும் அதிலேயே எடுக்கட்டும். இயற்பியல் பிடித்திருந்தால் மட்டும் இயற்பியல். வகைக்கெழுச் சமன்பாடும் வெக்டரும் எங்கிருந்து பிறந்தன என்பது அங்கேதான் தெரியும், ஆனால் பிராக்டிக்கல், ரெக்கார்டு என்று நேரம் போகும். கம்ப்யூட்டர் மைனர் என்றால் அந்தத் தாள்களின் பட்டியலை வாங்கிப் பாருங்கள், நிரல் எழுதுகிற தாள் எத்தனை என்று எண்ணுங்கள்.

நாலாம் வருஷத்தை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். மூன்று வருஷத்தில் வெளியே வந்தால் எம்.எஸ்சி. இரண்டு வருஷம். நாலும் முடித்தால் புதிய முறையில் முதுகலை ஒரு வருஷமாகக் குறைகிறது, நாலாண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நேராக பிஎச்.டி.க்கும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் போகலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வழி வைத்திருக்கிறது. பி.எட். படித்து ஆசிரியராகத்தான் ஆசை என்றால் மூன்று வருஷம் போதும். மூன்றாம் வருஷத்தில் மகளிடமே கேளுங்கள், அப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பி.எஸ்சி. மேத்ஸ், பி.எஸ்சி. மேத்ஸ் வித் சி.ஏ., இரண்டும் ஒன்றுதானே? இரண்டாவதில் சீட் கிடைக்கிறது.
மாணவன், ஆனைமலை

ஒன்று என்று வாய்வழியாகச் சொல்வார்கள், நம்பாதீர்கள். கோயம்புத்தூர் வட்டாரத்தில் இந்த சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) சேர்த்த பட்டம் நிறைய கல்லூரிகளில் இருக்கிறது, நல்ல படிப்புதான். ஆனால் நாளைக்கு வேலை அறிவிப்பில் கணக்குப் பட்டம் என்று போட்டிருந்தால், உங்கள் சான்றிதழில் இருக்கும் பெயர் அதற்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். சேருவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். இந்தப் பட்டத்துக்குச் சமத்துவ அரசாணை உண்டா என்று கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் தாள் பட்டியலில் மெய்ப்பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், கலப்பெண் பகுப்பாய்வு, நவீன இயற்கணிதம் (குலங்களும் வளையங்களும் வருவது) நான்கும் முழுத் தாளாக இருக்கின்றனவா பாருங்கள். நான்கும் இருந்தால் எம்.எஸ்சி. கணக்குக்குப் போகும்போது கஷ்டப்பட மாட்டீர்கள். ஏதாவது ஒன்று இல்லை என்றால், அதைச் சொந்தமாகப் படிக்க நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே சேருங்கள்.

டீச்சர், பிளஸ் டூ கணக்கில் 97 சதவீதம் வாங்கியவன் நான். கோவையில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். மெய்ப்பகுப்பாய்வுத் தாளில் எப்சிலான், டெல்டா என்று ஆரம்பித்ததிலிருந்து ஒன்றுமே புரியவில்லை. முதல் முறையாக அரியர். இந்தத் தாள் எதற்கு? எனக்குக் கணக்கு வராது என்று தோன்றிவிட்டது.
மாணவன், வாளையாறு

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இந்த இடத்தில் தடுக்கி விழாத கணக்கு மாணவரை நான் பார்த்ததே குறைவு. உங்களுக்குக் கணக்கு வரும், இதுவரை படித்தது கணக்கில் ஒரு பாதி, இப்போது மறு பாதிக்கு வந்திருக்கிறீர்கள், யாரும் அதைச் சொல்லாமல் உங்களை அங்கே இறக்கிவிட்டுவிட்டார்கள்.

பள்ளியில் கேள்வி 'கண்டுபிடி' என்று முடியும். இங்கே 'நிறுவுக' என்று முடிகிறது. பாலக்காட்டுப் பக்கத்துப் பிள்ளை என்பதால் நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவர் ஒரு தொடர் கண்டார்: 1 − 1/3 + 1/5 − 1/7 + 1/9 என்று போய்க்கொண்டே இருந்தால் அது பை (π) என்ற எண்ணில் நாலில் ஒரு பங்கு. சரி, ஐந்து உறுப்பு கூட்டி நாலால் பெருக்கிப் பாருங்கள், 3.3397 வரும். பை 3.1416. இவ்வளவு தள்ளி நிற்கிறதே, இது நிஜமாகவே பையைத்தான் நெருங்குகிறது என்று எப்படித் தெரியும்? நூறு உறுப்பு கூட்டினாலும் ஆயிரம் கூட்டினாலும் தெரியாது, ஏனென்றால் ஆயிரத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று கூட்டல் சொல்லாது. அதைச் சொல்ல நிரூபணம் வேண்டும். மாதவர் வழியில் வந்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். எத்தனை உறுப்போடு நிறுத்தினோமோ அதற்கேற்ற ஒரு திருத்தத்தைக் கடைசியில் சேர்த்தார்கள். n உறுப்போடு நிறுத்தினால் திருத்தம் n/(4n²+1). ஐந்துக்கு அது 5/101. ஐந்து உறுப்பின் கூட்டுத்தொகையிலிருந்து அதைக் கழித்து நாலால் பெருக்குங்கள், 3.14166 வரும். வெறும் ஐந்து உறுப்பில்! பிழை எவ்வளவு என்று யோசித்ததால் கிடைத்தது அது. 16ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷாவில் இந்தத் தொடருக்கான காரண விளக்கமே இருக்கிறது. எப்சிலான் என்பது அந்தப் பிழையின் பெயர்தான்.

இப்போது எளிய ஒன்று. 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் தொடர்வரிசை பூச்சியத்தை நெருங்குகிறது என்று எல்லோரும் சொல்வோம். நிறுவுவது எப்படி? இரண்டு பேர் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு சின்ன எண் சொல்கிறீர்கள், 0.001. நான் ஆயிரமாவது உறுப்பைத் தாண்டி வரும் எல்லாமே அதைவிடச் சின்னது என்று காட்டுகிறேன். நீங்கள் விடாமல் 0.000001 என்கிறீர்கள். நான் பத்து லட்சத்தைத் தாண்டிக் காட்டுகிறேன். நீங்கள் எதைச் சொன்னாலும், ஒன்றை அதால் வகுத்து வரும் எண்ணைத் தாண்டி என்னால் காட்ட முடியும் என்று சொல்லிவிட்டால் நிரூபணம் முடிந்தது. நீங்கள் சொல்கிற எண் எப்சிலான். நான் பதிலுக்குச் சொல்கிற இடம் ஆங்கிலப் பெரிய எழுத்து N. யார் முதலில் பேசுகிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். அந்த வரிசையை மாற்றி எழுதித்தான் பாதிப் பேர் மார்க்கை விடுகிறார்கள், உங்கள் விடைத்தாளையும் எடுத்து அந்த ஒரு விஷயத்தைப் பாருங்கள்.

இந்த ஜாக்கிரதை எதற்கு என்றால், முடிவில்லாத கூட்டல் நமக்குத் தெரிந்த கூட்டல் மாதிரி நடந்துகொள்ளாது. மாதவர் தொடரில் உறுப்புகளின் வரிசையை மாற்றிப் போட்டால் கூட்டுத்தொகையே மாறிவிடக்கூடும். கடையில் பில்லை மேலிருந்து கூட்டினாலும் கீழிருந்து கூட்டினாலும் ஒரே தொகைதானே வரும், இங்கே அது உடைகிறது. எங்கே உடையும், எங்கே உடையாது என்று பிரித்துச் சொல்கிற தாள்தான் உங்கள் மெய்ப்பகுப்பாய்வு. இது புரியாமல் கலப்பெண் பகுப்பாய்வுக்குப் போனால் அங்கேயும் இதே மூச்சுத்திணறல்தான், அதனால்தான் எல்லாப் பல்கலைக்கழகமும் இதைக் கட்டாயத் தாளாக முன்னால் வைத்திருக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வின் கணக்குப் பாடத்திட்டத்திலும் இதற்கும் நேரியல் இயற்கணிதத்துக்கும் பெரிய இடம் உண்டு.

அரியருக்கு என்ன செய்யலாம்? தேற்றங்களை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு வரையறைகளை மனப்பாடம் செய்யுங்கள், ஆமாம், வரையறைகளை. எல்லை, தொடர்ச்சி, ஒருங்கல் இந்த மூன்றையும் தினம் காலையில் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, அது இல்லாமல் போனால் எந்த உதாரணத்தில் தேற்றம் பொய்யாகிறது என்று தேடுங்கள். முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும். விடாதீர்கள். தேர்வு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், நான் காத்திருப்பேன்.

எஸ்டேட்டில் வளர்ந்தவள், தமிழ் மீடியத்தில் படித்தேன். கேரளத்திலேயே தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக வேண்டும். தேனி பக்கம் போய் பி.எஸ்சி. படித்தால் இங்கே ஏற்றுக்கொள்வார்களா?
மாணவி, வண்டிப்பெரியாறு

படிக்கலாம் அம்மா. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) உயர்நிலைப் பள்ளி கணக்கு ஆசிரியர் பதவிக்குத் தமிழ் மீடியத்துக்கென்றே தனியாக அழைப்பு விடுகிறது, இடுக்கியும் பாலக்காடும்தான் அதில் முக்கியமான மாவட்டங்கள். கணக்கில் பட்டம், பி.எட்., கே-டெட் என்ற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் உயர்நிலைப் பிரிவு, இவை வேண்டும். வெளிமாநிலப் பட்டம் என்றால் சமச் சான்றிதழ் கேட்பது இங்கே வழக்கம், அதற்குத்தான் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

இது எனக்கே நடந்தது. நானும் எல்லை தாண்டிப் படித்தவள். வருஷங்கள் கழித்து ஒரு அலுவலகத்தில், நான் படித்த காலத்துப் பாடத்திட்டத்தை முத்திரையோடு கொண்டுவா என்றார்கள். அதற்குள் சிலபஸ் இரண்டு முறை மாறியிருந்தது, பழைய புத்தகம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு ஊருக்கும் நடையாக நடந்து அதை வாங்குவதற்குள் அந்த வருஷ வாய்ப்பு கைவிட்டுப் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், ஒவ்வொரு வருஷமும் முடியும்போதே அந்த வருஷத்துப் பாடத்திட்டத்தைப் பிரதி எடுத்து, முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துவிடுங்கள். மார்க் ஷீட்டோடு ஒரே ஃபைலில் இருக்கட்டும். பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்ததற்கான சான்றிதழையும் தலைமையாசிரியர் மாறுவதற்கு முன் இப்போதே வாங்குங்கள். பி.எட்.டிலும் கணக்கையே பாடமாக எடுக்க வேண்டும், சீட் கிடைக்கிறதே என்று வேறு பாடத்தில் சேர்ந்துவிடாதீர்கள்.

கணக்குப் பட்டத்துக்கு லேப்டாப் கட்டாயமா? வாங்க வசதியில்லை.
மாணவி, சித்தூர்

கட்டாயமில்லை. முதல் வருஷத்துக்குத் தாளும் பேனாவும்தான். பைத்தான் என்ற நிரல் மொழித் தாள் வந்தால் கல்லூரி ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். பைத்தான், வளைவரை வரையும் ஜியோஜீப்ரா, கணக்கிடும் சைலேப், கணக்கைத் தட்டச்சு செய்யும் லேடெக் எல்லாமே இலவசம். ஜியோஜீப்ரா உங்கள் அண்ணனின் போனிலேயே ஓடும், வளைவரைகளை அதில் போட்டுப் பாருங்கள். பின்னால் வாங்குவதாக இருந்தாலும் பழைய கம்ப்யூட்டரே போதும், கடனுக்குப் புதிது வாங்காதீர்கள்.